ஆக்கத்தின் பெருமையும் அழிவின் கணக்கும்

போர்க்கருவி செய்யும் நிறுவனங்களைப் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் முன்வைக்கப்படுகிறது. போருக்காக நடந்த ஆராய்ச்சியிலிருந்தே மக்கள் வாழ்வுக்கு உதவும் சாதனங்கள் பல பிறந்தன. ஆதலால் அதற்குச் செலவிடும் பொருள் வீண் போவதில்லை என்பதே அவ்வாதம். இதற்குச் சான்றாகப் பலரும் சுட்டும் பெயர் அமெரிக்காவின் ரேதியான். அந்தச் சான்றையே முழுமையாக எடுத்து ஆராய்வது முறை.

1922-ல் மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் வன்னெவர் புஷ், லாரன்ஸ் மார்ஷல், சார்லஸ் ஸ்மித் ஆகியோர் தொடங்கிய அந்நிறுவனம் ஆயுதம் செய்வதற்காகப் பிறந்ததன்று. முதலில் குளிர்பதனப் பெட்டி ஒன்றை உருவாக்க முயன்றது, அது கைகூடவில்லை. பின்னர் அது உருவாக்கிய வாயுக்குழல், வானொலிப் பெட்டிகள் மின்கலங்களை நம்பியிராமல் வீட்டு மின்சாரத்திலேயே இயங்க வழிசெய்தது. நிறுவனம் அதனால்தான் நிலைபெற்றது. அதன் முதல் வெற்றிக்கு வித்திட்டது அமைதிக்காலத்து இல்லத் தேவையே.

இரண்டாம் உலகப்போர் வந்தது. 1940 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் என்னும் இயற்பியலாளர் இருவர், நுண்ணலைகளைப் பேராற்றலுடன் எழுப்பும் மாக்னட்ரான் குழலை இயக்கிக் காட்டினர். அதைக் கொண்டு விமானத்தில் ஏற்றிச் செல்லத்தக்க சிறிய ராடார் கருவிகளை அமைக்க முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் அனுப்பிய டிசார்டு தூதுக்குழு அந்த மறைபொருளை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. கெட்டிச் செம்புப் பாளத்தைக் குடைந்து ஒவ்வொன்றாகச் செய்யவேண்டியிருந்த அக்குழலைப் பெருந்தொகையில் செய்யும் வழியை ரேதியானில் பணியாற்றிய பெர்சி ஸ்பென்சர் கண்டார். அச்சில் வெட்டிய மெல்லிய செப்புத் தகடுகளை அடுக்கி, இடையிடையே பற்றாசுத் தகடுகளை வைத்து, உலையினூடே நகரும் பட்டையில் அனுப்பி ஒன்றாக்கும் முறை அது. போரின் முடிவுக்குள் நாளொன்றுக்கு 2,600 குழல்கள் வரை உருவாயின.

ஸ்பென்சர் மெயின் மாநிலத்துச் சிற்றூரில் பிறந்து, தந்தையை இழந்து, பள்ளிப்படிப்பை முடிக்காமல் 12 வயதில் ஆலை வேலைக்குச் சென்றவர். பின்னர் கடற்படையில் இருந்தபோது வானொலி நுட்பத்தைத் தாமே பயின்றவர். இயங்கும் மாக்னட்ரான் ஒன்றின் அருகே நின்றபோது அவர் சட்டைப் பையிலிருந்த இனிப்பு உருகியது. அதை அவர் எளிதில் விட்டுவிடவில்லை. சோளமணிகளை அருகே வைத்தார். அவை பொரிந்து சிதறின. முட்டையை வைத்தார், அது வெடித்தது. 1945 அக்டோபர் 8 அன்று நுண்ணலைச் சமையலுக்கான காப்புரிமை விண்ணப்பம் தாக்கலாயிற்று. அதற்காக நிறுவனத்திடமிருந்து அவர் பெற்றது வழக்கமான 2 டாலர் வெகுமதி மட்டுமே என்பர்.

இக்கதை உலகம் அறிந்தது. இதன் தொடர்ச்சியைப் பேசுவோர் மிகச் சிலர். 1947-ல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆளுயரம் இருந்தது. அதன் எடை ஏறத்தாழ 340 கிலோ. அதைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் இணைப்பு வேண்டியிருந்தது. சமையல் மேடைமேல் வைக்கத்தக்க அடுப்பு, ரேதியானின் துணை நிறுவனமான அமானாவின் பெயரில் வெளிவந்தது 1967-ல்தான். போர் தந்தது ஒரு குழலை. அதை வீட்டுச் சாதனமாக்கியது போருக்குப் பிந்தைய இருபது ஆண்டு உழைப்பு. அந்தக் குழலும் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்து, ஒரு நாடு மற்றொரு நாட்டுக்கு மனமுவந்து அளித்த அறிவு. அதன் உற்பத்திக்கு வழங்கப்பட்டது அரசின் பணம், அதாவது மக்களின் வரிப்பணம். போரே கண்டுபிடிப்பின் தாய் என்னும் கூற்று இந்த வரலாற்றுக்குமுன் நிற்காது.

ரேதியானின் பெருமைக்குரிய மற்றொரு பணி நிலவுப் பயணத்தைச் சார்ந்தது. அப்பல்லோ விண்கலங்களை வழிநடத்திய கணினியை மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகம் வடிவமைத்தது; ரேதியான் உருவாக்கியது. வால்தம் நகர ஆலையில் பெண் தொழிலாளர் இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து, சின்னஞ்சிறு காந்த வளையங்களினூடே கம்பி கோத்த ஊசியை ஒருவருக்கொருவர் கடத்தினர். கம்பி வளையத்துக்குள் சென்றால் ஒன்று. வெளியே சென்றால் சுழியம். நிலவில் இறங்கும் கட்டளைகள் அனைத்தும் இவ்வாறு கையால் நெய்யப்பட்டன. ஓர் இழை தவறினாலும் கட்டளை பிழைபடும் என்பதால், நெய்தவை மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டன. உலகமே கண்ணுற்றிருந்த அப்பணியில் பிழையை மறைக்க இடமிருக்கவில்லை.

படைக்கலத்தில் அந்த நிலை இருந்ததா? 1991 வளைகுடாப் போரில் ரேதியானின் பேட்ரியாட் ஏவுகணை ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகளை வீழ்த்தியதாக எங்கும் பேச்சாயிருந்தது. பிப்ரவரி 15 அன்று அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் அந்நிறுவனத்தின் ஆண்டோவர் ஆலைக்கே சென்று, எதிர்கொண்ட 42-ல் 41 வீழ்த்தப்பட்டதாகப் பாராட்டினார். பத்து நாள் கழித்து, பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு ஸ்கட் தடுப்பாரின்றிப் படைமுகாமில் விழுந்தது. 28 அமெரிக்க வீரர்கள் மாண்டனர்.

காரணம் ஒரு கணக்குப் பிழை. அந்த அமைப்பின் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு நொடிகளாக எண்ணியது. பத்தில் ஒன்று என்னும் பின்னம் கணினியின் இரும எண்முறையில் முடிவின்றி நீள்வது. அதை 24 இலக்கங்களில் வெட்டியதால் நுண்ணிய பிழை ஒன்று நேர்ந்தது. அமைப்பை நிறுத்தாமல் இயக்க இயக்க அப்பிழை பெருகியது. 100 மணி நேரத்தில் அது மூன்றில் ஒரு நொடியாயிற்று. அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் கடந்துவிடும். ராடார் வெற்று வானத்தைத் தேடியது. நெடுநேரம் இயக்கினால் குறி பிசகும் என்பது இரு வாரங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. திருத்திய மென்பொருள் தஹ்ரானை அடைந்தது பிப்ரவரி 26 அன்று. வீரர்கள் மாண்ட மறுநாள். பேட்ரியாட்டின் வெற்றிக் கணக்கையே மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தியடோர் போஸ்டல் பின்னர் மறுத்தார்; அமெரிக்க நாடாளுமன்றக் குழுவும் அதை விசாரித்தது.

ஒரு கருவியின் குறையால் நேர்ந்த சாவு அது. குறையின்றி இயங்கிய கருவியால் நேர்ந்த சாவும் உண்டு. 2022 சனவரியில் ஏமனின் சாதா நகரத் தடுப்புக்காவல் மையத்தின்மீது சவூதி தலைமையிலான கூட்டணி குண்டுவீசியதில் 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கு வீசப்பட்டது ரேதியான் செய்த லேசர்வழிக் குண்டு என்று சிதைவுகளை ஆராய்ந்த ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் அறிவித்தது. துல்லியம் என்பது அறிவியலின் உயர்ந்த பண்பு. ஆனால் குறியைத் தேர்பவன் அறம் பிழைத்தால், துல்லியம் கொலையைத் திறம்படச் செய்வதற்கே உதவும்.

நிறுவனத்தின் கணக்கேடுகளும் தூய்மையாக இல்லை. பேட்ரியாட் உள்ளிட்ட ஒப்பந்தங்களில் அமெரிக்க அரசிடமே விலையை உயர்த்திக் காட்டியது, கத்தார் நாட்டுப் படை அதிகாரிக்குக் கையூட்டு அளித்தது ஆகிய குற்றச்சாட்டுகளைத் தீர்க்க 95 கோடி டாலருக்கும் மேல் செலுத்த ரேதியான் 2024 அக்டோபரில் ஒப்புக்கொண்டது.

இவற்றைச் சொல்வது ஸ்பென்சரின் கூரறிவையோ, வால்தம் பெண்களின் கைத்திறனையோ சிறுமைப்படுத்துவதாகாது. அவர்கள் வணக்கத்துக்குரியவர்கள். நாட்டுக்குப் பாதுகாப்பே வேண்டாம் என்பதும் நம் கருத்தன்று. நாம் மறுப்பது ஒன்றே: அடுப்பைக் காட்டிக் குண்டுக்குக் கணக்குச் சொல்லாமல் தப்பும் வழக்கம். பொதுப்பணத்தில் வளர்ந்த அறிவின் புகழில் ஒரு நிறுவனம் பங்கு கேட்குமானால், அவ்வறிவு செய்த அழிவுக்கும் அதுவே விடை சொல்லவேண்டும். வருவாய் மட்டும் பங்குதாரருக்கு, இழப்பு மட்டும் மக்களுக்கு என்பது நீதியன்று.

எனவே படைக்கல ஆராய்ச்சிக்கு மக்கள் பணத்தை வழங்கும் எந்த அரசும், அக்கருவிகளைச் சோதிக்கும் பொறுப்பை, அவற்றைச் செய்தவரிடமும் வாங்கியவரிடமும் விடாமல் தன்னுரிமையுள்ள வல்லுநரிடம் ஒப்படைக்க வேண்டும். பாதுகாப்புக்கு ஊறு நேராத அளவில் சோதனை முடிவுகள் மக்கள் மன்றத்தில் வைக்கப்பட வேண்டும். எந்நாட்டுக்கு எது விற்கப்பட்டது, அது எங்கே வீழ்ந்தது என்பதற்கு நாடாளுமன்றத்தில் பதில் கூறப்பட வேண்டும். பொதுப்பணத்தில் பிறந்து, மறைக்கவேண்டிய தேவை நீங்கிய அறிவைப் பொதுவுடைமையாக்க வேண்டும். தஹ்ரானில் தேவைப்பட்ட திருத்தம் ஒரு நாள் பிந்தி வந்ததற்கு 28 உயிர்கள் விலையாயின. கேள்வி கேட்கும் உரிமையை மக்கள் கைவிட்டால் அந்த விலையை மக்களே மீண்டும் மீண்டும் கொடுக்க நேரும்.