திருமேனிக் களவும் ஊரார் கடனும்

திருக்கோயிற் செப்புத்திருமேனிகள் களவு போகாமைக்குப் பூட்டும் தண்டனையுமே போதுமென்பர் ஒருசாரார். அக்கூற்று அமையாது.

களவைத் தூண்டுவது ஊதியம். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் திருக்கோயிலில் 2006-ஆம் ஆண்டளவிற் களவாடப்பட்ட நடராசப்பெருமான் திருமேனியை, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிற்று. அது 2014-இல் இந்தியாவுக்கு மீண்டது. இத்துணைப் பெரும்பொருள் எதிரே நிற்பக் கள்வன் பூட்டுக்கு அஞ்சுவனோ? அக்கோயிலோ பூசையின்றிப் பூட்டிக் கிடந்தது. ஆதலின் 2008 வரை களவு நிகழ்ந்தமையை ஊரார் அறிந்திலர். நாடோறும் விளக்கேற்றுவார் ஒருவர் இருந்திருப்பின் மறுநாளே வெளிப்பட்டிருக்கும்.

“சிவன்சொத்துக் குலநாசம் என்னும் அச்சம் ஊரிற் காவலாக நின்றதன்றோ?” எனின், நின்றது, ஆனால் அவ்வச்சத்தை ஊட்டி வளர்த்தது நித்திய பூசையே. பூசை ஒழிந்தவிடத்துப் பழமொழி வெறுஞ்சொல்லாம். விலை கொடுத்து வாங்குவானும், விளக்கை அவியவிட்ட ஊராரும் அப்பழிக்குப் புறம்பாகார்.

“திருமேனிகளை அரசுக் காப்பகத்தில் வைத்தாலென்?” எனின், களவு நீங்கும், வழிபாடு மீளாது.

பத்தூர் நடராசர் வழக்கில், பாழ்பட்ட கோயிலும் தன் பொருளைக் கேட்டு வழக்காடலாமென 1991-இல் இலண்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. அயல்நாட்டு மன்றம் மதித்த கோயிலை உள்ளூரார் மறத்தல் தகுமோ?

அன்பர்காள்! பூட்டு வேண்டுவதே, தண்டனையும் வேண்டுவதே. ஆயினும் அவற்றிற்கு முன் வேண்டுவது, ஊர்தோறும் ஒருகால பூசையேனும் அணையாது நடத்தலாம்.