மாவட்டத்தைப் பிரிக்கலாம், ஆற்றைப் பிரிக்கலாமா?

போன வாரம் டீக்கடையில் ஒரு நண்பர், "அண்ணாச்சி, கோவில்பட்டியைத் தனி மாவட்டமாக்கணும்னு கேக்காங்க, சங்கரன்கோவில்காரங்களும் கேக்காங்க. நீங்க வருவாய்த் துறையில இருந்தவரு, நல்லதுதானே?" என்றார். "நல்லதுதான். ஆனா தண்ணிய யாரு பங்கு வைக்கது?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மாவட்டங்களைப் பிரிப்பதற்கு நான் எதிரி அல்ல. பிரிக்காத காலத்தில் மக்கள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவன். சிவகிரியிலிருந்தும் விளாத்திகுளத்திலிருந்தும் விடியற்காலை பஸ் ஏறி, கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து, "ஐயா மீட்டிங்கில் இருக்கார், நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்பிப் போன கிழவர்கள் எத்தனையோ பேர். இன்று அந்தத் தொல்லை பாதி குறைந்திருக்கிறது. மறுக்க முடியாது.

நெல்லைச் சீமையின் எல்லை ஒன்றும் கல்லில் பொறித்ததல்ல. 1790-ல் கும்பினியார் திருநெல்வேலியை ஒரு மாவட்டமாக்கினார்கள். 1910-ல் ராமநாதபுரம் மாவட்டம் வந்தபோது சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பிரிந்து போயின. 1986 அக்டோபரில் கிழக்குப் பகுதி வ.உ.சி. பெயரில் தனி மாவட்டமாகி, பிறகு தூத்துக்குடி என்று பெயர் மாறியது. 2019 நவம்பரில் மேற்கே தென்காசி பிரிந்தது. ஒவ்வொரு முறையும் பந்தல் போட்டார்கள், மாலை போட்டார்கள். ஆனால் ஒரு முறையாவது, "இந்த ஆறு இனி யார் பொறுப்பு?" என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசி மாவட்டத்தில் தொடங்கி, கங்கைகொண்டான் வழியாக வந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. சீவலப்பேரி திருநெல்வேலி மாவட்டம். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணிக்குப் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று அணைகள் எல்லாம் திருநெல்வேலி மாவட்டத்தில். கடைசி இரண்டு அணைக்கட்டுகளான மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் தூத்துக்குடி மாவட்டத்துக்குத் தண்ணீர் கொடுப்பவை. ஆறு கடலில் விழும் புன்னக்காயலும் அங்கேதான். ஆக, தண்ணீர் ஒரு மாவட்டத்தில் பிறக்கிறது, இன்னொன்றில் தேங்குகிறது, மூன்றாவதில் பாய்கிறது. இது போதாதென்று அருப்புக்கோட்டை வரை குடிநீருக்கும் இந்த ஆறுதான்.

பழைய ஆட்கள் அறிவில்லாதவர்கள் அல்ல. கோடைமேலழகியான் முதல் மருதூர் வரை ஏழு அணைக்கட்டுகளும் வெள்ளைக்காரன் வருவதற்கு முந்தியவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான் 19-ஆம் நூற்றாண்டில் அவன் கட்டியது. மேலே உள்ள அணைக்கட்டில் கசிந்தது கீழே உள்ளதற்கு, ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு. எல்லாம் ஒரே சங்கிலி. சங்கிலியை மூன்று பேர் ஆளுக்கொரு கண்ணியாகப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்று கடைமடைக்காரனைக் கேளுங்கள். தண்ணீர் குறைந்த வருஷங்களில் கார் சாகுபடிக்கு மேல் கால்வாய்களுக்கு மட்டும் திறப்பதுண்டு. மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் வேடிக்கை பார்க்கும். ஏரல் பக்கத்து வாழையும் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலும் அந்தக் கடைசித் தண்ணீரை நம்பித்தான் நிற்கின்றன. ஒரே மாவட்டமாக இருந்தபோது தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் ஒரே ஆட்சியர் முன்னால் நின்று சண்டை போட்டார்கள். இப்போது தலைமடைக்காரன் ஓர் ஆட்சியரிடமும் கடைமடைக்காரன் இன்னோர் ஆட்சியரிடமும் மனு கொடுக்கிறார்கள். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழுவதே இல்லை.

எனக்கே நேர்ந்ததைச் சொல்கிறேன். ஓய்வுக்குப் பிறகு, எங்கள் ஊர்க் காலில் அமலைச்செடி அடைத்துக்கொண்டது பற்றி விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தேன். "எங்க எல்லைக்குள்ள எடுத்தாச்சு சார். மறுபடியும் மேல இருந்து மிதந்து வருது. அது அடுத்த மாவட்டம்" என்றார்கள். அந்த அடுத்த மாவட்டத்துக்கும் போனேன். "நீங்க எந்த மாவட்டம்? அங்க மனு கொடுங்க" என்றார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் மனுக்களை வாங்கிக் கோப்பில் வைத்தவன் நான். மனுவோடு அலைவது எப்படியிருக்கும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அமலைச்செடிக்கு இருக்கும் சுதந்திரம் எனக்கு இல்லை. அது எல்லையைக் கேட்காமல் தாண்டிவிடுகிறது.

"பொறியாளர்களுக்கு ஆற்று வடிநிலம் என்ற கணக்கில் அலுவலகம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் நீர்வரத்துப் புறம்போக்கில் ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டியது வருவாய்த் துறை. சிறிய கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் கையில். ஊர்ச் சாக்கடையை ஆற்றில் விடாமல் தடுக்க வேண்டியது உள்ளாட்சி. இத்தனை பேரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கக்கூடியவர் ஆட்சியர் ஒருவர்தான். அவருடைய அதிகாரமோ மாவட்ட எல்லையோடு நின்றுவிடுகிறது. பொறியாளர் மதகைத் திறக்கலாம். வாய்க்காலை அடைத்துக் கட்டிய சுவரை இடிக்க அவரால் ஆகாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. குளங்கள் உடைந்தன. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே ஆற்றுத் தண்ணீர் வந்தது. அப்படி ஒரு மழையை எந்த நிர்வாகமும் தடுத்திருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வடிய வேண்டிய ஓடைகளும் மறுகால்களும் தூர்ந்து கிடந்ததை மழையின் தலையில் கட்ட முடியாது. அது பல வருஷமாக, "அது என் எல்லை இல்லை" என்று தள்ளித் தள்ளிச் சேர்ந்த மண்.

ஆகவே புதிய மாவட்டம் கேட்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் கூடவே இதையும் கேளுங்கள். தாமிரபரணிக்கும் சிற்றாற்றுக்கும் சேர்த்து மூன்று மாவட்ட ஆட்சியர்களும் மாதம் ஒரு நாள் ஒன்றாக உட்காரும் குறைதீர்க்கும் கூட்டம் வேண்டும். அது கொக்கிரகுளத்திலோ சென்னையிலோ அல்ல, கடைமடையான ஸ்ரீவைகுண்டத்தில் நடக்க வேண்டும். ஆக்கிரமிப்பு, தூர்வாருதல், தண்ணீர் திறப்பு மூன்றுக்கும் ஒரே பதிவேடு வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், பந்தலும் மாலையும் வேண்டாம். ஓர் அரசாணை போதும்.

மனுவைக் கொண்டுபோகும் மனிதனுக்கு ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் இருப்பது நல்லதுதான். ஆனால் அந்த மனுவைப் பார்த்துவிட்டு, "இது என் வேலை" என்று சொல்ல ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அது இல்லாமல் முப்பத்தெட்டு மாவட்டம் நாற்பத்தெட்டு ஆனாலும், எங்கள் ஊர்க் காலில் அமலைச்செடி அப்படியேதான் மிதந்துகொண்டிருக்கும்.