ஓடவும் வேண்டும், நிற்கவும் வேண்டும்

வீட்டு முற்றத்தில் வைத்துக் காரின் என்ஜினைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவது வசதி படைத்த நாடுகளில் ஒரு பொழுதுபோக்கு. இலங்கையில் அது பெரும்பாலும் குடும்ப வரவு செலவுக் கணக்கோடு சம்பந்தப்பட்ட விடயம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பின்னரும் வரிச்சுமை காரணமாகச் சாதாரண அரச ஊழியர் ஒருவரால் புதிய வாகனத்தின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பத்தான் முடிகிறது. எனவே இருப்பதை ஓட வைப்பதே அவருக்கு எஞ்சியிருக்கும் வழி.

வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிய பாடமன்று. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கிடைப்பது அரிதாகிவிட, எமது ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு என்ஜினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவை அண்டியிருந்த பழைய என்ஜின்கள் என்பதால் அது சாத்தியமாயிற்று. அதிக அமுக்க விகிதம் கொண்ட இன்றைய என்ஜின்கள் அந்த எரிபொருளைத் தாங்கா. ஆயினும் மண்ணெண்ணெய் தன் விலையை வாங்காமல் விடவில்லை. எரியாமல் எஞ்சியது கீழிறங்கி என்ஜின் ஒயிலை நீர்க்கச் செய்தது. பல என்ஜின்கள் தேய்ந்தன. தேய்ந்த என்ஜினைத் தூக்கிவிட்டு யப்பான் என்ஜினை இறக்கும் கைப்பழக்கம் எமது கராஜ்களில் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

இந்த வேலையைக் கஞ்சத்தனம் என்று எள்ளி நகையாடுவோர் உளர். 1990களில் இலங்கையில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்கள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகின என்பதை அவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். உலகம் தூக்கியெறிந்ததைத் திருத்தி ஓட்டும் அறிவு இந்தத் தீவின் செல்வங்களுள் ஒன்று.

எனினும் ‘குறைந்த செலவு’ என்ற சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. எனது ஊரிலே ஆசிரியர் ஒருவர் 948 சி.சி. மொறிஸ் மைனர் ஒன்றுக்கு 1171 சி.சி. கொண்ட நிசான் ஏ12 என்ஜினைப் பொருத்தினார். மாமரக் கிளையை நம்பாமல் இரும்புக் குழாய்களால் முக்காலி கட்டி, செயின் புளொக்கில் பழையதைத் தூக்கினார்கள். விடுமுறை நாட்களில் நானும் போய் நின்று பார்த்தேன். அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம், என்ஜினையும் கியர்பொக்ஸையும் ஒரே சோடியாக, கிளச்சோடும் தாங்கிகளோடும் சேர்த்து வாங்கியது. தனித்தனியே மலிவாக வாங்குபவர் பின்னர் பொருந்தாத துளைகளுக்காக லேத் பட்டறைக்கு அலைய நேரிடும்.

சோடியாக வாங்கியும் செலவு முடியவில்லை. புதிய கியர்பொக்ஸின் அளவு வேறு என்பதால் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை மாற்றிச் செய்யவேண்டியிருந்தது. பின்சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டை வெட்டிக் குறுக்கிச் சமநிலைப்படுத்த வேண்டியிருந்தது. இது சரியாக அமையாவிட்டால் வேகம் கூடும்போது வண்டி நடுங்கும். ரேடியேற்றர், புகைக்குழாய், வேகமானிக் கேபிள் என்று பட்டியல் நீண்டது. என்ஜினின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதி மட்டுமே என்பது அங்கே விளங்கிற்று.

எல்லாம் முடிந்து வண்டி உறுமிய அன்று, உதவிக்கு வந்திருந்த முதிய மெக்கானிக் ஒருவர் கேட்டார்: “மாஸ்டர், ஓடுறதுக்கு என்ஜின் வாங்கிட்டியள். நிக்கிறதுக்கு என்ன வாங்கினனீங்கள்?”

அந்தக் கேள்வியில்தான் முழு விடயமும் அடங்கியிருக்கிறது. 948 சி.சி. மைனரின் வலு 37 குதிரைவலு. ஏ12 அறுபதுக்கு மேல் தரவல்லது. ஆனால் நான்கு சில்லுகளிலும் இருப்பவை 37 குதிரைகளுக்கென அமைத்த அதே டிரம் பிரேக்குகள்! ஆசிரியர் அதற்குப் பின் இரண்டு மாதம் வண்டியை எடுக்கவில்லை. பணம் சேர்த்துப் பிரேக்கைத் திருத்திய பிறகே வீதிக்கு இறக்கினார். எத்தனை பேர் அப்படிப் பொறுத்திருப்பார்கள்?

இங்கேதான் அரசின் பொறுப்பு வருகிறது. 2008 முதல் நாம் புகைப் பரிசோதனை செய்து வருகிறோம். அது புகையை அளக்கிறது, பிரேக்கை அளப்பதில்லை. பேருந்துக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கும் சட்டம், உள்ளுறுப்பெல்லாம் மாறிய தனியார் காரைத் தடுத்து நிறுத்தி ‘உனக்கு நிற்கத் தெரியுமா?’ என்று கேட்பதில்லை.

ஆனால் என்ஜின் இலக்கத்தைக் கேட்கிறது. வாகனப் பதிவுச் சான்றிதழில் அந்த இலக்கம் இருப்பதால் என்ஜினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்தவேண்டும். திருட்டு என்ஜின்கள் புழங்காமலிருக்க இந்த விதி அவசியம். அதை நான் எதிர்க்கவில்லை. ஆயினும் பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய என்ஜினை வாங்குபவர் பற்றுச்சீட்டையும் சுங்க ஆவணப் பிரதியையும் கேட்டு வாங்காவிட்டால் பிறகு அவற்றைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. அலைச்சலுக்கு அஞ்சிப் பலர் பதிவை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விபத்து நேர்ந்து காப்புறுதிக்குப் போகும்போதும், வண்டியை விற்கப் போகும்போதும்தான் இலக்கம் பொருந்தாததன் விலை தெரியவரும்.

எனது அபிப்பிராயம் இதுதான். என்ஜின் மாற்றத்தைப் பதியும் அதே நாளில், அதே இடத்தில் பிரேக், சுக்கான், என்ஜின் தாங்கிகள், எரிபொருள் குழாய் ஆகியவற்றையும் பரிசோதித்துச் சான்று வழங்கவேண்டும். மாவட்ட மட்டத்திலேயே இது முடியவேண்டும். கட்டணம், ஒரு சாதாரண மனிதர் கட்டக்கூடியதாக இருக்கவேண்டும். வழி இலகுவானால் மறைப்பவர் குறைவர். மறைப்பவர் குறைந்தால் வீதியில் ஆபத்தும் குறையும்.

முற்றத்தில் இந்த வேலையைத் தொடங்க இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மின்னணுக் கட்டுப்பாடுள்ள என்ஜினானால் அதன் கணினிப் பெட்டி, வயர்த்தொகுதி, உணரிகள் எல்லாம் அதனோடு வருகின்றனவா என்று பாருங்கள். அனுபவம் குறைந்தவர்கள் அதே இலக்க வகை என்ஜினையே தேடுவது நல்லது. கையிலிருக்கும் பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: ஒன்று என்ஜினுக்கு, ஒன்று பொருத்துவதற்கு, ஒன்று பிரேக்குக்கும் பத்திரங்களுக்கும். மூன்றாவது பங்கைத் தொடாமல் இரண்டாவது பங்கோடு வேலை முடியாது என்று தெரிந்தால், தொடங்கவேண்டாம். இன்னும் சில மாதம் பேருந்தில் போவது கௌரவக் குறைவன்று. உங்கள் வண்டிக்கு முன்னால் வீதியைக் கடக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு உங்கள் வரவு செலவுக் கணக்கு தெரியாது.