அம்மாவுக்குப் பரீட்சை

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. வழக்கமான மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். இன்னிக்கு கொஞ்சம் சீரியஸான மேட்டர்.

எங்க ஊர் ஏரல். தூத்துக்குடி மாவட்டம், தாமிரபரணிக் கரை. அருணாசல சுவாமி கோயில் அமாவாசைக்கு வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கல்யாணத்துக்கு சீர்ப் பாத்திரம் எடுக்க வந்தவங்களுக்கு இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கும். அப்பா வச்சிருக்கிறதும் ஒரு பாத்திரக் கடைதான். அம்மா பக்கத்து கிராமத்துல ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி டீச்சர். எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்ல பதிஞ்சுட்டு வருஷக்கணக்கா காத்திருந்து, 2005-ல தொகுப்பூதியத்துல சேர்ந்து, 2006-ல காலமுறை ஊதியத்துக்கு வந்தவங்க. 2025-ல அவங்களுக்கு வயசு 52. ரிட்டையர் ஆக இன்னும் எட்டு வருஷம்.

2025 செப்டம்பர் 1-ம் தேதி சாயங்காலம் அம்மா போன் பண்ணாங்க. வழக்கமா "சாப்பிட்டியால?"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. அன்னிக்கு எடுத்ததுமே, "ஏல, எனக்கு வேலை போயிருமால?"ன்னு கேட்டாங்க.

விஷயம் இதுதான். அன்னிக்கு உச்சநீதிமன்றத்துல நீதிபதிகள் தீபங்கர் தத்தா, அகஸ்டின் ஜார்ஜ் மாசி அமர்வு ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. ஒண்ணாம் வகுப்புல இருந்து எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்துற ஆசிரியர்கள், ஏற்கெனவே வேலையில இருந்தாலும் சரி, ஆசிரியர் தகுதித் தேர்வு (நம்ம பாஷையில டெட்) பாஸ் பண்ணியே ஆகணும். ஓய்வு பெற அஞ்சு வருஷத்துக்கும் குறைவா இருக்கிறவங்க அப்படியே தொடரலாம், ஆனா பதவி உயர்வு கிடையாது. அதுக்கு மேல சர்வீஸ் இருந்தா ரெண்டு வருஷத்துக்குள்ள பாஸ் பண்ணணும். இல்லேன்னா வேலையை விடணும், அல்லது கட்டாய ஓய்வு. சிறுபான்மைப் பள்ளிகள் விஷயத்தை மட்டும் பெரிய அமர்வுக்கு அனுப்பிட்டாங்க.

கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ல அமலுக்கு வந்துச்சு. அந்த வருஷம் ஆகஸ்ட் 23-ம் தேதி என்.சி.டி.இ. அறிவிப்புலதான் டெட்டைக் கட்டாயமாக்கினாங்க. அதுக்கு முன்னாடி முறைப்படி வேலைக்குச் சேர்ந்தவங்களுக்கு இது பொருந்தாதுன்னுதான் அம்மா மாதிரி எல்லாரும் பதினஞ்சு வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. இப்ப திடீர்னு "உனக்கும் உண்டு"ன்னா எப்படி இருக்கும்?

நான் வீட்டுல இருந்தே பொட்டி தட்டுறேன்னு மேனேஜர்கிட்ட கெஞ்சி ஒரு மாசம் ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு கோச்சிங் கொடுக்கத்தான். அஞ்சு வயசுல எனக்கு 'அ' போடச் சொல்லிக்கொடுத்த கை, இப்ப ஓ.எம்.ஆர் தாள்ல வட்டத்தை எப்படிக் கறுப்பாக்கணும்னு என்கிட்ட கேக்குது. காமெடியாவும் இருந்துச்சு, சங்கடமாவும் இருந்துச்சு.

முதல்ல அம்மாவோட பழைய ஆசிரியர் பயிற்சி நோட்டுங்களைத் தேடினோம். கிடைக்கலை. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. 2023 டிசம்பர் வெள்ளத்துல தாமிரபரணி ஏரல் கடைத்தெருவுக்குள்ள வந்தப்ப, கடைப் பாத்திரத்தோட அதுவும் போயிருச்சு. சரின்னு தூத்துக்குடில கைடு வாங்கிட்டு வந்தேன். செங்கல் கனம்.

முதல் தாள்ல 150 கேள்வி, மூணு மணி நேரம். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணக்கு 30, சூழ்நிலையியல் 30. கேள்விக்கு 72 செகண்ட். தப்பான பதிலுக்கு மார்க் குறைக்க மாட்டாங்க. நாலு ஆப்ஷன், கண்ணை மூடிட்டு ரொப்பினாலே சராசரியா 37 மார்க் வரும்னு நான் என் என்ஜினியர் மூளையைக் காட்டினேன். "பிள்ளைகளுக்கு இப்பிடித்தான் சொல்லிக் கொடுக்கச் சொல்லுதியா?"ன்னு ஒரு முறை முறைச்சாங்க. அதோட அந்தப் பேச்சை விட்டுட்டேன் :-)

ஒரு நாள் ராத்திரி பியாஜே பத்தி ஒரு கேள்வி. ஒரே அளவு தண்ணியை அகலமான பாத்திரத்துல இருந்து ஒல்லியான உயரமான பாத்திரத்துக்கு மாத்தினா கூடிருச்சுன்னு நினைக்கிற குழந்தை எந்த வளர்ச்சி நிலையில இருக்கு? அம்மா தப்பான ஆப்ஷனை டிக் பண்ணாங்க. நான் சரியான பதிலைச் சொன்னதும், "இதைத்தான் கேக்காங்களா? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு மோரை ஒசரமான தம்ளர்ல ஊத்திக் கொடுத்தா பக்கத்துல உள்ளது 'அவனுக்கு மட்டும் கூட'ன்னு அழும். மூணாங்கிளாஸ் போனா அழாது. இதுக்குப் போயி வெள்ளக்காரன் பேரு வேணுமாக்கும்?"னாங்க.

எனக்கு பியாஜே பேரு தெரியும், நிலைகளோட பேரும் ஒரு வாரத்துல மனப்பாடம் ஆயிருச்சு. அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு மார்க், அம்மாவுக்கு சைபர். ஆனா என்னை முப்பது ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்ககூட ஒரு ரூம்ல விட்டுப் பாருங்க, பத்தே நிமிஷத்துல கதவை உடைச்சுக்கிட்டு ஓடி வந்துருவேன்.

படிக்க நேரமாவது இருந்துச்சான்னா அதுவும் இல்லை. பகல் முழுக்க பள்ளிக்கூடம். 2022-ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல பிள்ளைங்களை நிலை வாரியா பிரிச்சு உக்கார வச்சுச் சொல்லிக் கொடுக்கணும், அதையெல்லாம் ஆப்ல ஏத்தணும். போதாக்குறைக்கு 2025 நவம்பர் 4-ம் தேதி வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் ஆரம்பிச்சுச்சு. அம்மா அந்த பூத்துக்கு பி.எல்.ஓ. வீடு வீடா படிவம் கொடுக்கணும், திரும்ப வாங்கணும். முதல் தாள் பரீட்சை நவம்பர் 15. மழை வேற. ராத்திரி எட்டு மணிக்கு நனைஞ்ச குடையை மடக்கிட்டு உள்ள வந்து, கட்டிலோரமா படிவங்களைக் காய வச்சுட்டு, கைடை எடுத்து மடியில வச்ச அஞ்சாவது நிமிஷம் தூங்கிருவாங்க. எழுப்ப எனக்கு மனசு வராது.

இப்ப அம்மா புராணத்தை நிறுத்திட்டு நியாயமா பேசுவோம். பரீட்சையே வேண்டாம்னு சொல்ல வரலை. அப்படிச் சொல்ற தகுதி எனக்கு இல்லை. ஏன்னா அரசுப் பள்ளி டீச்சர் மகனான நான் படிச்சது மெட்ரிகுலேஷன்ல. எங்க அம்மாதான் கொண்டு போய்ச் சேர்த்தாங்க. அந்த ஊர்ல வேலை பார்க்கிற மத்த டீச்சர் வீட்டுப் பிள்ளைங்களும் மஞ்சள் வேன்லதான் போச்சு. டீச்சருக்கே நம்பிக்கை இல்லாதப்ப, "எங்களை நம்புங்க"ன்னு ஊரைப் பார்த்து எப்படிக் கேக்க முடியும்? சர்வீஸ்ல சேர்ந்ததோட படிக்கிறதை நிறுத்தினவங்க இருக்காங்க. அவங்க கிளாஸ்ல உக்காந்த பிள்ளைக்கு அந்த வருஷம் திரும்ப வராது.

இன்னொரு பக்கமும் இருக்கு. டெட் பாஸ் பண்ணிட்டு வீட்டுல இருக்கிறவங்க. 2013-ல பாஸ் பண்ணவங்களுக்கு வெயிட்டேஜ்னு ஒரு கணக்கு வந்துச்சு. பிளஸ் டூ மார்க்கெல்லாம் சேர்த்ததால பழைய காலத்துல படிச்சவங்க பின்னால போயிட்டாங்க. 2018-ல அரசாணை 149 வந்து, பாஸ் பண்ணவங்களுக்கு இன்னொரு போட்டித் தேர்வுன்னாங்க. "பாஸ் பண்ண நாங்க வீட்டுல, பாஸ் பண்ணாதவங்க ஸ்கூல்லயா?"ன்னு அவங்க கேட்டா, என்கிட்ட பதில் இல்லை.

ஓ.எம்.ஆர் தாளுக்குன்னு ஒரு பெரிய நல்ல குணமும் உண்டு. அது சாதி கேக்காது, யார் சொந்தக்காரன்னு கேக்காது, கவர் வாங்காது. நம்ம ஊர்ல இது சின்ன விஷயம் இல்லை.

ஆனா அது எதை அளக்குது? 2012 ஜூலை 12-ம் தேதி தமிழ்நாட்டுல முதல் டெட் நடந்துச்சு. ஆறரை லட்சம் பேருக்கு மேல எழுதினாங்க. பாஸ் பண்ணது 2,448 பேர். நூத்துக்கு அரை ஆள்கூட இல்லை. அன்னிக்கு 150 கேள்விக்கு கொடுத்த நேரம் ஒண்ணரை மணி. கேள்விக்கு 36 செகண்ட். பெரிய கூச்சல் ஆனதும், அதே வருஷம் அக்டோபர்ல மூணு மணி நேரம் கொடுத்து மறுதேர்வு வச்சாங்க. வேற கேள்வித்தாள். 19 ஆயிரம் பேருக்கு மேல பாஸ். ஜூலையில "தகுதியில்லாத" ஆசிரியருங்க மூணே மாசத்துல தகுதியாயிட்டாங்களா என்ன? ஆள் மாறலை, அளக்கிற படி மாறிச்சு. அவ்ளோதான்.

என்கூட வேலை பார்க்கிற ஒருத்தனோட அக்கா அமெரிக்காவுல டெக்ஸாஸ்ல இருக்காங்க. நம்ம கோயம்புத்தூர் பொண்ணு. காலேஜ்ல ஸ்பானிஷ் படிச்சு, இப்ப அங்க ஸ்கூல்ல ஸ்பானிஷ் டீச்சர் ஆகுறதுக்கு சான்றிதழ் பரீட்சைக்குத் தயார் பண்றாங்க. அம்மாவும் அந்த அக்காவும் ஒரே சமயத்துல படிக்கிறதால ரெண்டு பரீட்சையையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அங்க கேக்கிறது, வாசிக்கிறது, எழுதுறது, பேசுறது நாலுமே உண்டு. ஹெட்போனை மாட்டிக்கிட்டு மைக்ல ஸ்பானிஷ்ல பேசணும், அதைப் பதிவு பண்ணி மார்க் போடுவாங்க. அதனால அந்த அக்கா சமையல் பண்றப்பகூட சாம்பாரைப் பத்தி ஸ்பானிஷ்ல தனக்குத்தானே பேசிக்கிட்டு இருக்காங்களாம். ஸ்பெயின்லயே அரசுப் பள்ளி வேலைக்கு 'ஒப்போசிசியோனெஸ்'னு ஒரு போட்டித் தேர்வு. அதுல எழுத்துத் தேர்வு மட்டும் இல்லை. ஒரு குழு முன்னால நின்னு, இந்தப் பாடத்தை நான் இப்படி நடத்துவேன்னு திட்டத்தை வாயால விளக்கணும்.

நம்ம டெட்ல ஆங்கிலத்துக்கு 30 மார்க். அந்த முப்பதையும் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசாம வாங்கலாம். தமிழ் முப்பதையும் வாயைத் திறக்காமலே வாங்கலாம். வாயாலயே பிழைக்கிற தொழிலுக்கு ஊமைப் பரீட்சை!

ஒரு பேச்சுக்கு, எங்க கம்பெனியில நாளைக்கே "எல்லாரும் மறுபடி செமஸ்டர் பரீட்சை எழுதுங்க, பெயிலானா வெளிய போங்க"ன்னு சொன்னா என்ன ஆகும்? என் கதை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், எம் 3 பேப்பரை நான் மூணு தடவை எழுதினவன். முதல் ஆளா நான்தான் காலி. நான் வேலை பார்க்கிறேனா இல்லையான்னு பார்க்கணும்னா நான் எழுதின கோடைப் பார்க்கணும், எம் 3 மார்க்கை இல்லை.

அதனால என் கட்சி இதுதான். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு டெட் இருக்கட்டும், நுழைவாசல்ல ஒரு வடிகட்டி வேணும். இருபது வருஷம் சர்வீஸ் ஆனவங்களை வகுப்பறையில வச்சுப் பாருங்க. வேற மாவட்டத்துல இருந்து ரெண்டு பேர் வரட்டும். ஒரு மணி நேரம் பாடம் நடத்தச் சொல்லி வீடியோ எடுங்க. ரெண்டு பேரும் தனித்தனியா மார்க் போடட்டும், சந்தேகம் வந்தா மூணாவது ஆள் வீடியோவைப் பார்க்கட்டும். வருஷ ஆரம்பத்துல எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை வருஷக் கடைசியில எங்க நிக்குதுன்னு பாருங்க. கூடவே ஒரு எழுத்துத் தேர்வும் வைங்க, அவங்க நடத்துற பாடத்துல இருந்து. செலவு ஆகும், மறுக்கலை. கவர் கொடுக்கப் பார்ப்பாங்க, அதையும் மறுக்கலை. ஆனா லட்சக்கணக்கான பேரோட வேலையை முடிவு பண்றப்ப, சுலபமா அளக்க முடியுதுங்கிறதுக்காக தப்பானதை அளக்கக் கூடாது. எந்தப் பரீட்சையா இருந்தாலும், பரீட்சை மாசத்துலயாவது அவங்களை பி.எல்.ஓ வேலைக்கு அனுப்பாதீங்க சாமி.

நவம்பர் 15 காலையில தூத்துக்குடி சென்டர்ல அம்மாவை இறக்கி விட்டேன். கேட்டுக்கு வெளிய நான் நின்ன இடத்துல, கைக்குழந்தையோட ஒரு அப்பா, பேரனோட ஒரு தாத்தா, அம்மாவைக் கூட்டிட்டு வந்த என்னை மாதிரி நாலஞ்சு பேர். அம்மா கேட்டுக்குள்ள போறப்ப திரும்பிப் பார்த்தாங்க. எல்.கே.ஜி. முதல் நாள் நான் அப்படித்தான் பார்த்தேனாம், அப்பா சொல்லுவார்.

விடைக்குறிப்பு வந்ததும் உக்காந்து கூட்டிப் பார்த்தோம். அந்த அறிவிப்புப்படி அம்மாவுக்கு 82 வேணும். வந்தது 71. கணக்குல 30-க்கு 26, தமிழ்லயும் பரவாயில்லை. உளவியல்தான் காலை வாரிருச்சு. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்தாங்க. "பெயிலான பிள்ளைய நான் எத்தனை வாட்டி 'ஏன் படிக்கல'ன்னு வஞ்சிருக்கேன். எம்புட்டு வலிக்கும்னு இப்பத்தானல தெரியுது"ன்னாங்க. அப்புறம் எந்திரிச்சு மறுநாளைக்கு வேண்டிய எழுத்து அட்டைகளை வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

கைடு இன்னும் டிவி ஸ்டாண்டு மேலதான் இருக்கு. அடுத்த தடவைக்கு மறுபடி ஊருக்குப் போகணும், லீவு கேட்டிருக்கேன்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு அம்மாவோ அப்பாவோ புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டு உக்காந்திருந்தா சொல்லுங்க மக்களே. பாஸ் பண்ணவங்க இருந்தா, அந்த உளவியலை மட்டும் எப்படிப் படிச்சீங்கன்னு சொல்லிட்டுப் போங்க.

பி.கு: இதை அம்மாகிட்ட படிச்சுக் காட்டிட்டுத்தான் போடுறேன். "மார்க்கை மட்டும் போடாதல"ன்னாங்க. போட்டுட்டேன். அடுத்த தடவை இதைவிட நல்ல நம்பரோட வந்து மாத்தி எழுதுறேன்னு வாக்கு கொடுத்திருக்கேன்.