கடன் கொப்பியும் கணினியும்

லிந்துலையில் சில்லறைக் கடை நடத்துபவன் நான். எமது வாடிக்கையாளர்களில் அநேகர் தோட்டத் தொழிலாளர்கள். சம்பள நாள் வரும்வரை மாவும் பருப்பும் கடனுக்கே போகும். அந்தக் கடன் எல்லாம் வாப்பா காலத்திலிருந்தே நீளக் கொப்பியில்தான். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான சூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது என்று ஜும்ஆக்களில் கேட்கிறோம். எழுதத்தான் செய்கிறோம். ஆனால் எழுதியவரைத் தவிர வேறு யாருக்கும் அது விளங்குவதில்லை. வாப்பா மௌத்தானபோது யார் தர வேண்டும், யாருக்கு நாம் தர வேண்டும் என்று பார்த்து முடிக்கவே இரண்டு மாதம் சென்றது. அதுவரை சொத்துப் பங்கீடும் நின்றது.

அதன் பின்னர்தான் கணினி வாங்கினேன். ஒருவர் கணக்கு மென்பொருள் ஒன்றின் திருட்டுப் பிரதியைப் போட்டுத் தந்தார். எம்மவர்கள் பலர் இதனைப் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் ஆக்கியோனின் உரிமை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி 1988 இலேயே குவைத்தில் தீர்மானித்துவிட்டது. நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அதையே சொல்கிறது. காசு கொடுத்து வாங்கலாம் என்றால், 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டதை யார் மறப்பார்?

இந்த இடத்தில்தான் திறந்த மூல மென்பொருள் கைகொடுக்கிறது. உரிமக் கட்டணம் இல்லை. பிரதி எடுப்பதும் மாற்றுவதும் அனுமதிக்கப்பட்டவை. இது எமக்குப் புதியதும் அல்ல. 2004 சுனாமியின்போது நிவாரணப் பணிக்காக எமது நாட்டுக் கணினித்துறையினர் உருவாக்கிய 'சஹானா' இவ்வகையானதே.

புதியவர்கள் செய்யும் பிழை, பெரியதில் கைவைப்பது. மும்பையில் உருவான 'ஈஆர்பி நெக்ஸ்ட்' சரக்கிருப்பு, கொள்வனவு, சம்பளம் எல்லாம் பார்க்கும். ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும். அந்தச் செலவு இலவசமல்ல. பெல்ஜியத்தின் 'ஓடூ'வில் இலவசப் பதிப்பு உண்டு, முழுமையான கணக்கியல் பகுதி கட்டணப் பதிப்பில்தான். ஒரு சிறு கடைக்கு 'குனூகேஷ்' போதும் என்பது என் அபிப்பிராயம். இணையம் தேவையில்லை, சாதாரண கணினியில் ஓடும். சரக்கிருப்பை அது பார்க்காது. அதற்கு ஓர் அட்டவணைத் தாள் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் முதலில் பதிந்தது கடன்காரர் பெயர்களையும் நிலுவைகளையும் மாத்திரமே. மூன்று மாதம் கொப்பியையும் விடவில்லை. முதல் மாத முடிவில் இரண்டும் ஒத்துப் போகவில்லை. தேடிப் பார்த்தால் பிழை கொப்பியில்!

ஸகாத் விடயத்தில் ஓர் எச்சரிக்கை. கணினி காட்டும் சரக்குப் பெறுமதி பொதுவாக வாங்கிய விலை. வியாபாரப் பொருளுக்கு ஸகாத் கடமையாகும் நாளின் சந்தை விலையையே உலமாக்களில் பெரும்பாலானோர் கொள்கின்றனர். மென்பொருளின் ஆண்டு 365 நாள், எமது ஹிஜ்ரி ஆண்டு சுமார் 354 நாள். ஆகவே ரமழான் முதல் நாளில் இருப்பைக் கையால் எண்ணி, அன்றைய விலையிட்டு, வரும் என்று நம்பக்கூடிய கடனையும் சேர்த்துத்தான் இரண்டரை வீதம் பார்க்கிறேன். கடன் பட்டியல் இப்போது ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குக் கடையை மூடுமுன் கணக்குக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்து வீட்டில் வைக்கிறோம். கடவுச்சொல் மனைவிக்கும் மூத்த மகனுக்கும் தெரியும்.