மூல உயிரணுவும் அதற்கு வேண்டும் கட்டளையும்

ஸ்டெம் செல் என்று மக்கள் வழங்கும் மூல உயிரணு, செலுத்திய இடத்தில் வேண்டிய உறுப்பாக மாறிவிடும் என்னும் எண்ணம் இன்று பரவலாக உள்ளது. இஃது அரைகுறை உண்மையேயாம். இதனை நம்பிப் பெரும்பொருள் இழக்கும் குடும்பங்கள் உண்டு. ஆகவே, விடுபட்ட பகுதியை எடுத்துரைப்பது ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும் கடமையாகின்றது.

விடுபட்ட பகுதி யாதெனில், மூல உயிரணு பெருகுவதும், ஓய்ந்திருப்பதும், குறிப்பிட்ட ஒருவகை உயிரணுவாக மாறுவதும், சுற்றியுள்ள திசுக்களிலிருந்தும் இரத்தத்தின் வழியாகவும் வரும் கட்டளைகளைப் பெரிதும் பொறுத்தவை என்பதே. வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள் அக்கட்டளைகளுள் தலையாயவை.

இதனை விளக்க இரத்தத்தினும் சிறந்த சான்று இல்லை. கானடா நாட்டின் டொரான்டோ நகரில் டில், மெக்கல்லக் என்னும் இருவர் 1961-இல் எலிகளில் செய்த சோதனைகள், எலும்பு மஜ்ஜையில் மூல உயிரணுக்கள் உள்ளமையைக் காட்டின. மனிதனின் மஜ்ஜை நொடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்களை ஆக்குகின்றது. இவ்வாக்கத்தை ஆளுவது எரித்ரோபாய்ட்டின் என்னும் காரணி. உடலில் ஆக்ஸிஜன் குறையுங்கால் சிறுநீரகம் இதனை மிகுதியாகச் சுரக்கின்றது. சிவப்பணுவாகும் வழியில் ஏற்கனவே அடிவைத்த இளம் அணுக்கள் அதனால் அழியாது பிழைத்துப் பெருகுகின்றன. சிகாகோவில் கோல்ட்வாசர் குழுவினர் 1977-இல் இதனை மனிதச் சிறுநீரிலிருந்து தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். அமெரிக்காவில் 1989-இல் இது மருந்தாக ஏற்கப்பட்டது.

இனி, இருவகை இரத்தசோகையை ஒப்பிட்டு நோக்குக. நாட்பட்ட சிறுநீரக நோயில் மஜ்ஜை பெரும்பாலும் பழுதற்றது, கட்டளையே குறைவு. ஆதலின் எரித்ரோபாய்ட்டின் ஊசி பயன் தருகின்றது. கடுமையான தலசீமியாவிலோ கட்டளை மிகுதியாகவே உள்ளது. ஹீமோகுளோபின் ஆக்கத்தில் பிறவிக் குறை இருத்தலால் இளம் அணுக்கள் மஜ்ஜையிலேயே மடிகின்றன. அங்கே, பொருத்தமான கொடையாளரின் மூல உயிரணுவை மாற்றிச் செலுத்துதலே தகும். நோய் ஒன்றுபோல் தோன்றினும் பழுது வேறு. பழுது வேறாகவே பரிகாரமும் வேறு.

கட்டளையின் அளவும் கருதத்தக்கது. இரும்புச்சத்து இன்றேல் எரித்ரோபாய்ட்டின் பயன்படாது. மிகைப்படின் இரத்தம் தடித்து உறைகட்டிகள் தோன்றும் அபாயம் உண்டு.

எனவே, எந்நோய்க்கும் மூல உயிரணுவே மருந்து என்பாரிடம் சில வினாக்கள் கேட்டல் வேண்டும். செலுத்திய அணுவுக்கு எந்தக் காரணி கட்டளையிடும்? எவ்வளவில், எவ்வரிசையில்? பெருக்கம் வேண்டாதபோது அதனை நிறுத்துவது எது? விடை இல்லையேல் அது சிகிச்சையாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், இரத்தம் சார்ந்த குறித்த நோய்களுக்குச் செய்யும் மூல உயிரணு மாற்றம் நீங்கலாக, ஏனைய பயன்பாடுகள் அனுமதி பெற்ற ஆராய்ச்சிச் சோதனையில் மட்டுமே நிகழவேண்டும் என வரையறுத்தன.

இவ்வாறு எச்சரித்தல் நோயுற்றோரின் நம்பிக்கையைக் குலைக்கும் எனச் சிலர் கூறலாம். அஃது பொருந்தாது. எரித்ரோபாய்ட்டினும் மஜ்ஜை மாற்றமும் பல உயிர்களைக் காத்துள்ளன. அணுவையும் கட்டளையையும் ஒருங்கே பொறுமையுடன் ஆராய்ந்தமையே அவ்வெற்றிக்குக் காரணம். நம்பிக்கை வைக்கத்தக்க இடத்தைக் காட்டுவதும் களப்பணியாளரின் தொண்டேயாகும்.

வகுப்பில் இரத்த அணுக்கள் கிளைத்துப் பிரியும் படத்தை வரையும் ஆசிரியர், அம்புக்குறியோடு நில்லாது, அதனை இயக்கும் காரணியின் பெயரையும் அருகே எழுதுவாராக. மாணவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் அவ்வொரு சொல், நாளை ஒரு குடும்பம் கேட்கவேண்டிய வினாவை நினைவூட்டும்.