84-க்கும் 90-க்கும் நடுவில் ஆறு நாள்

செமஸ்டர் நெருங்குகிற நேரத்தில் காஸ்ட் அக்கவுண்டிங் படிக்காமல் ரீசார்ஜ் பற்றி எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். நம்புங்கள் நண்பர்களே, இதுவும் காஸ்ட் அக்கவுண்டிங்தான் :)

என் அப்பா எலக்ட்ரீஷியன். சேக்காட்டிலும், அந்தப் பக்கம் பட்டாபிராம், இந்தப் பக்கம் ஆவடி வரைக்கும் பல வீடுகளின் மீட்டர் பெட்டிக் கதவில் அவருடைய மொபைல் நம்பர் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கும். எல்லாம் அவரே எழுதியது. ஃபியூஸ் போனால் கதவைத் திறப்பார்கள், நம்பர் கண்ணில் படும், கூப்பிடுவார்கள். பைசா செலவில்லாத விளம்பரம்.

சிக்கல் என்னவென்றால், அவர் வைத்திருந்த கம்பெனியின் சிக்னல் எங்கள் வீட்டுக்குள் வராது. மாடிப்படியில் நின்று ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பேசினால்தான் கேட்கும். சாப்பிட உட்காரும் ஒரு மணி நேரத்தில் வருகிற அழைப்பெல்லாம் 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. ஃபோன் எடுக்காத எலக்ட்ரீஷியனுக்காக இருட்டில் யாராவது காத்திருப்பார்களா? அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"வேற கம்பெனிக்கு மாத்திடலாம்பா, நம்பர் இதேதான் இருக்கும்" என்று நான் சொல்லாத நாள் இல்லை. அவருடைய பதிலும் மாறவே இல்லை: "இன்னும் நாப்பது நாள் இருக்குடா. போட்ட காசு தண்டமாப் போகணுமா? முடியட்டும், பார்க்கலாம்."

நாற்பது நாள் முடியும். ஆனால் முடிவதற்கு மூன்று நாள் முன்பே 'உங்கள் பேக் முடியப்போகிறது' என்று எஸ்எம்எஸ் வரும். வேலைக்குப் போன இடத்தில் ஃபோன் கட்டாகிவிடுமோ என்ற பயத்தில் அங்கேயே யாரிடமாவது சொல்லி ரீசார்ஜ் போட்டுவிடுவார். மறுபடி 84 நாள். மறுபடி "முடியட்டும்".

நம் ஊரில் ப்ரீபெய்ட் ஆட்கள்தான் பத்தில் ஒன்பது பேருக்கு மேல். வெளிநாடுகளில் போல இரண்டு வருட ஒப்பந்தம், நடுவில் போனால் அபராதம் என்ற கட்டு எதுவும் நமக்குக் கிடையாது. சட்டப்படி நாம் சுதந்திரப் பறவைகள். 2011 ஜனவரி 20-ஆம் தேதியிலிருந்து நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுக்க இருக்கிறது. 84 நாளைக்கு ஒருமுறை நம் ஒப்பந்தம் தானாகவே முடிகிறது. அப்படியும் ஏன் நகர மாட்டேன் என்கிறோம்?

ஒரு காரணம் எங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. செலவாகிவிட்ட பணத்தை 'சங்க் காஸ்ட்' என்பார்கள். மூழ்கிப்போன செலவு. இனிமேல் என்ன செய்தாலும் அது திரும்பாது, அதனால் அடுத்த முடிவு எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அப்பாவின் பேக்கில் மிச்சமிருந்த நாட்களின் மதிப்பு சுமார் 400 ரூபாய். தவறவிட்ட ஒரு ஒயரிங் வேலையின் கூலி அதைவிட அதிகம். 400 ரூபாயைக் காப்பாற்றுவதற்காக வாராவாரம் கூலியை விட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது காரணம் பயம். நம்பர் போய்விட்டால்? அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் தமிழ்நாடு முழுக்கப் படுத்ததே, ஞாபகம் இருக்கிறதா? நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நம்பரைக் காப்பாற்ற லட்சக்கணக்கான பேர் போர்ட்டிங் கோடுக்காக அலைந்தார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு 'போர்ட்' என்ற வார்த்தையைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் அது கம்பெனியே மூழ்கிய கதை. சாதாரண நாளில் விஷயம் இவ்வளவுதான்: போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, நம் நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்ப வேண்டும். எட்டு எழுத்தில் ஒரு கோடு வரும். நான்கு நாள் செல்லும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புதுக் கம்பெனியின் கடைக்குப் போனால் சிம் கொடுப்பார்கள். 2019 டிசம்பரில் வந்த விதிப்படி, ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலை நாளில் மாற வேண்டும். மிகச் சின்ன ரீசார்ஜ் போட்டவர்கூட இந்த எஸ்எம்எஸ்ஸை அனுப்ப முடிய வேண்டும் என்று 2021 டிசம்பரில் ட்ராய் உத்தரவே போட்டது.

கடைசியில் அப்பா சம்மதித்தார். ஒரு ராத்திரி பழைய சிம் செத்தது. "போச்சா?" என்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! காலையில் புது சிம் பேசியது. சாப்பாட்டுத் தட்டின் பக்கத்திலேயே ஃபோன் அடித்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இடது கையால் எடுத்து "சொல்லுங்க சார்" என்றார்.

இத்தோடு 'சுபம்' போட்டிருப்பேன். ஆனால் காலண்டரைப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. புதுக் கம்பெனியில் சேர்ந்தால் 90 நாள் கழித்துத்தான் மறுபடி மாற முடியும். இது விதி. அவர்கள் விற்கிற பேக் 84 நாள். 28 நாள் பேக்கை மூன்று முறை போட்டாலும் அதே 84. அதாவது, பிடிக்கவில்லை என்றாலும் நம் முதல் பேக் கதவு திறப்பதற்கு ஆறு நாள் முன்பே தீர்ந்துவிடும். ஆறு நாள் அவுட்கோயிங் இல்லாமல் அப்பா மாதிரி ஆள் இருக்க முடியுமா? மறுபடி ஒரு ரீசார்ஜ். மறுபடி "முடியட்டும்". யாரோ திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு எண்களும் இப்படி அமைந்திருப்பதில் நஷ்டம் நமக்குத்தான் என்று மட்டும் சொல்கிறேன்.

கோபம் வந்தால் எல்லோரும் சேர்ந்து கிளம்பவும் செய்கிறோம். 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் கட்டணத்தை ஏற்றியபோது, அந்த ஒரே மாதத்தில் பிஎஸ்என்எல்லுக்குச் சுமார் 29 லட்சம் பேர் கூடினார்கள். ஆனால் அந்த வருடம் முடிவதற்குள்ளேயே அங்கும் எண்ணிக்கை குறைய ஆரம்பித்தது. விலையை மட்டும் பார்த்துப் போனவர்கள் தங்கள் வீட்டுக்குள் சிக்னல் வருமா என்று பார்க்கவில்லை போலிருக்கிறது. மாறுவதற்கு முன் அந்தக் கம்பெனி சிம் வைத்திருக்கும் நண்பனை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு டீ கொடுங்கள். சமையலறையில் நின்று அவனைப் பேசச் சொல்லுங்கள். அதைவிட நல்ல பரிசோதனை இல்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். பிரிட்டனில் 2020 பிப்ரவரி முதல் ஒரு விதி இருக்கிறது. ஒப்பந்தம் முடியப்போகிறது என்பதோடு, 'உனக்குப் பொருத்தமான எங்கள் சிறந்த திட்டங்கள் இவை, புதிதாகச் சேருகிறவருக்கு நாங்கள் வாங்கும் விலை இது' என்பதையும் கம்பெனியே வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். இங்கே வருகிற எஸ்எம்எஸ் பயம் மட்டும் காட்டுகிறது. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று ட்ராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. 2025 தொடக்கத்தில் தனியார் கம்பெனிகளிடமிருந்து அப்படி வந்த 84 நாள் பேக்குகள் சுமார் 450, 470 ரூபாய். தினம் ஒன்றரை ஜிபி தரும் பேக்குக்கு அப்போது சுமார் 800-ம் அதற்கு மேலும். பட்டன் ஃபோன் வைத்திருக்கும் எத்தனை பாட்டிகளுக்கு இது தெரியும்? அவர்களுக்கு யார் எஸ்எம்எஸ் அனுப்பினார்கள்?

'நீங்கள் போன 84 நாளில் இவ்வளவு டேட்டாதான் பயன்படுத்தினீர்கள், உங்களுக்கு இந்த மலிவு பேக் போதும்' என்று ஒரு வரி. கணக்கு முழுக்க அவர்கள் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது? அனுப்பினால் என்ன?

அதுவரைக்கும் அந்த வேலை நம்முடையது. இன்று வீட்டுக்குப் போனதும் அம்மா, பாட்டி ஃபோனை வாங்கி என்ன பேக், எப்போது முடிகிறது, எதற்காக அந்த டேட்டா என்று பாருங்கள். மாற்றுவதாக இருந்தால் பேக் முடிய ஆறேழு நாள் இருக்கும்போதே கோடு வாங்கிவிடுங்கள். நாங்கள் அவசரப்பட்டு நாற்பது நாளை விட்டோம். அப்பா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

சங்க் காஸ்ட் என்றேன். "அது உன் காசா இருந்தா தெரியும்" என்கிறார் :(